பேன்சி: மனத்திலிருந்து கடைப் பலகைக்கு

தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் ஒரு பேன்சி ஸ்டோர் இருக்கும். கண்ணாடி வளையல், ஸ்டிக்கர் பொட்டு, ஹேர்பின், கவரிங் ஜிமிக்கி. பலகையில் இருக்கும் அந்தச் சொல் ஆங்கிலத்தில் வினைச்சொல்லும்கூட. ஒருவர்மேல் மனம் போவதைச் சொல்வது. ஒருத்தியிடம் மனம் பறிகொடுத்த லண்டன்காரன் ‘ஐ ஃபேன்சி ஹெர்’ என்பான்.

சொல்லின் பூர்வீகம் கிரேக்கம். ‘பாண்டசியா’ என்றால் மனக்கண்முன் தோன்றும் உரு. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் ‘ஃபேண்டசி’யாக வந்து, 15ஆம் நூற்றாண்டில் பேச்சில் தேய்ந்து ‘ஃபேன்சி’ ஆனது. நீண்ட வடிவம் கற்பனைக் கதைகளோடு தங்கிவிட்டது. குறுகிய வடிவம் ஆசையின் பக்கம் போனது. 16ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு ‘விரும்பு’ என்ற பொருள் உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிக’னில் அது கண்ணில் பிறந்து விரைவில் மடியும் மயக்கம். பிரிட்டிஷ் பேச்சில் இன்றும் அதே கனம்தான்: காதல் என்று சொல்லுமளவுக்கு இல்லை, ஆனால் பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

பிறகு சொல் சந்தைக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது ‘அலங்காரமான’ என்ற பெயரடை. தேவைக்கன்றி ஆசைக்கு வாங்குபவை ‘ஃபேன்சி கூட்ஸ்’. ஆசைக்குப் புறா வளர்த்தவர்கள் ‘ஃபேன்சியர்கள்’. டார்வின் லண்டன் புறா சங்கங்களில் சேர்ந்து அவர்களிடம் கற்றவற்றை, 1859இல் வெளியான தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே எழுதினார். நம் ஊரில் விசிறிவால் புறாவை ‘பேன்சி புறா’ என்பதும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான்.

தமிழில் அதற்கு நல்ல வரவேற்பு. வண்டிக்குப் பேன்சி நம்பர், தீபாவளிக்குச் சிவகாசி பேன்சி ரகம், பள்ளி ஆண்டுவிழாவில் பேன்சி டிரஸ். ஆனால் எந்த ஆங்கிலச் சொல்லையும் ‘பண்ணு’ சேர்த்து வினையாக்கிவிடும் நாம், ‘லவ் பண்றேன்’ என்று கூசாமல் சொல்லும் நாம், ‘உன்னை பேன்சி பண்றேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. வந்த வழிதான் காரணம் என்று நினைக்கிறேன். லவ் சினிமா வழியே வந்தது. பேன்சி சரக்கோடு வந்தது. சரக்கோடு வந்த சொல் கடையிலேயே தங்கிவிட்டது.

சிங்கப்பூரில் இந்த இரண்டு பேன்சியும் ஒரே ரயிலில் சந்திப்பதைக் கேட்டிருக்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஏறினால் 2003இல் திறந்த வடகிழக்குப் பாதை நேராகப் பொங்கோலில் கொண்டுவிடும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கிய வளையல் பையை மடியில் வைத்திருந்த அம்மாவிடம், சீருடையில் இருந்த மகள் பயிற்சித்தாளை நீட்டினாள்.

“அம்மா, ‘டு யூ ஃபேன்சி’க்கு அப்புறம் ‘டு கோ’வா, ‘கோயிங்’கா?”

“பேன்சின்னா நம்ம ஊர்ல வளையல் கடைடா. இதுல எப்படி வந்துச்சு?”

விடை ‘கோயிங்’. ஃபேன்சிக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ முடிவோடுதான் வரும். பொருள் பின்னால் வருவதைப் பொறுத்தது. ‘காஃபி’ வந்தால் குடிக்கலாம்போல் இருக்கிறது என்பது. ஆள் வந்தால் ஈர்ப்பு. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை இலக்கணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பேச்சு வழக்கு என்பதால் கட்டுரையில் எழுதாமல் இருப்பதும் நல்லது.

‘ஐ ஃபேன்சி ஹெர்’ என்பதைத் தமிழில் ‘நான் அவளை விரும்புகிறேன்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் எடையைக் கூட்டிவிடுகிறார்கள். விரும்புகிறேன் என்றால் பெண் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிலை. ‘எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு’ என்பதே சரியான அளவு. ஆங்கிலத்தில் ஆசைப்படுபவன் எழுவாய். தமிழில் அவன் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான், பிடித்துப்போவது தன் செயலே இல்லை என்பதுபோல.