நஞ்சின் வழியே துலங்கிய ஏற்பி: 1905 முதல் 2011 வரை

வெளியிலிருந்து வரும் வேதிச் சமிக்ஞையைச் செல் தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதங்களால் அறிகிறது என்பது இன்று பள்ளிப் பாடம். ஆனால் அப்புரதத்தைக் கண்ணால் காணவோ கையால் பிரித்தெடுக்கவோ இயலாமலேயே மருந்தியல் அரை நூற்றாண்டுக்கு மேல் அதைப் பற்றிப் பேசிவந்தது. அதன் இருப்புக்குச் சாட்சி சொன்னவை பெரும்பாலும் நஞ்சுகள்தாம்.

கேம்பிரிட்ஜ் உடலியங்கியலாளர் ஜான் நியூபோர்ட் லாங்லி 1905இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து தொடங்கலாம். கோழியின் தசை நிக்கோட்டினால் சுருங்கும். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவிய குராரே அச்சுருக்கத்தைத் தடுக்கும். இவை நரம்பு முனையைத் தாக்குகின்றன என்பதே அன்று பரவலாக இருந்த கருத்து. லாங்லி நரம்பை வெட்டி, அது சிதையும்வரை விட்டுவைத்தார். அப்போதும் நிக்கோட்டின் தசையைச் சுருக்கியது, குராரே தடுத்தது. ஆக, நஞ்சு பற்றும் இடம் நரம்பில் இல்லை. சுருங்கும் தசைப்பொருளிலும் இல்லை. குராரேயில் ஊறிய தசை நேரடி மின்தூண்டலுக்குச் சுருங்கத்தான் செய்தது. எஞ்சிய மூன்றாவது ஒன்றை அவர் ‘ஏற்கும் பொருள்’ என்றார். ஒவ்வொன்றாய் விலக்கி வந்தடைந்த இந்தத் தருக்கமே இவ்வரலாற்றின் வலுவான கண்ணி என்பது என் மதிப்பீடு.

பாடநூல்கள் பால் எர்லிக்கையே முன்னிறுத்துகின்றன. 1900இல் எதிர்ப்பாற்றல் ஆய்வில் ‘ஏற்பி’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் மருந்துகளுக்கும் ஏற்பி உண்டென்பதை அவரே நெடுநாள் ஏற்கவில்லை. நுண்ணுயிர் நச்சுகள் செல்லை விடாப்பிடியாகப் பற்றுகின்றன. நிக்கோட்டின் போன்ற ஆல்கலாய்டுகளையோ எளிதில் பிரித்துவிடலாம் என்பது அவர் வாதம். ஆர்செனிக் மருந்துக்கு மசியாத டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிகளைக் கண்ட பிறகு, 1907இல்தான் மனம் மாறினார்.

1920களில் ஏ. ஜே. கிளார்க், தவளை இதயத்தில், நரம்பு முனைகள் சுரக்கும் அசிட்டைல்கோலினின் செறிவையும் விளைவையும் அளந்து இக்கருத்துக்குக் கணக்கு வடிவம் தந்தார். 1948இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலினும் அதன் உறவுப் பொருள்களும் உறுப்புக்கு உறுப்பு வெவ்வேறு வலிமை வரிசையில் செயல்படுவதைக் கண்டு, ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டென்றார். மருந்தியல் இதழ் ஒன்று திருப்பி அனுப்பிய அக்கட்டுரை உடலியங்கியல் இதழில்தான் இடம்பிடித்தது. அதை நம்பி ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கியதே, இதயநோயாளிகள் பலர் அறிந்த புரோப்ரனலால். விந்தை என்னவென்றால், 1973இலும் ஆல்க்விஸ்டுக்கு ஏற்பி வெறும் கருத்தாக்கமே!

அதற்குள் அது பொருளாகிவிட்டிருந்தது. சமிக்ஞை செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை என்பதை எர்ல் சதர்லாந்தின் ஆய்வுகள் முன்னரே காட்டியிருந்தன: அட்ரினலின் செல் சவ்வுத் துணுக்குகளின் மேல் செயல்பட்டாலே, செல்லுக்குள் செய்தியைக் கொண்டுசெல்லும் சுழல் ஏஎம்பி உருவாகிறது. தசையின் ஏற்பியைப் பிடித்துத் தந்தது மறுபடியும் ஒரு நஞ்சு. தைவானில் சென்-யுவான் லீ குழுவினர் கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்த புங்கரோடாக்சின், குராரேபோலத் தசையை முடக்கும். ஆனால் எளிதில் கழன்றுவிடாது. அந்தப் பிடியைப் பயன்படுத்தி 1970இல் பாரிசில் ழான்-பியேர் ஷான்ழோ, லீயுடன் சேர்ந்து, மின்விலாங்கின் மின்னுறுப்பில் அசிட்டைல்கோலின் ஏற்பியை அடையாளம் கண்டார். அந்த உறுப்பில் இந்த ஏற்பி கொட்டிக் கிடக்கிறது. லாங்லியின் ஊகத்துக்கு உருவம் கிடைத்தது.

அந்த ஏற்பியிலேயே அயனிகள் செல்லும் வாயில் உண்டு. அட்ரினலின் ஏற்பிக்கோ அப்படியில்லை. அதற்கும் சுழல் ஏஎம்பியை ஆக்கும் நொதிக்கும் இடையே ஜி-புரதம் நின்று செய்தி கடத்துகிறது என்பதை மார்ட்டின் ராட்பெல், ஆல்ஃபிரட் கில்மன் ஆய்வுகள் நிறுவின. 1986இல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் ஆய்வகம் அட்ரினலினின் பீட்டா வகை ஏற்பிகளுள் ஒன்றான பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் படித்தபோது, அது விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினை ஒத்திருந்தது. சவ்வை ஏழு முறை ஊடுருவும் அதே அமைப்பு. ஹார்மோனை அறிவதும் ஒளியை அறிவதும் ஒரே குடும்பத்துப் புரதங்கள் என்பதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அன்று அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய பிரையன் கோபில்கா, 2011இல் அதே ஏற்பியும் ஜி-புரதமும் பிணைந்திருக்கும் நிலையைப் படிகமாக்கினார். தூண்டும் மூலக்கூறு தங்கும் வெளிப்புறக் குழியில் மாற்றம் சொற்பம். உட்புறத்திலோ, சவ்வை ஊடுருவும் ஏழு சுருள்களில் ஆறாவது 14 ஆங்ஸ்ட்ரம் விலகி ஜி-புரதத்துக்கு இடம்விட்டிருந்தது.