சத்தம் வராத அலறல்: கரவாஜியோவின் மெடூசா

1/ கூகிள்ல 'கரவாஜியோ மெடூசா'ன்னு தேடி, படத்தைத் திறந்து வச்சுக்கிட்டு இந்த த்ரெட்டைப் படிங்க.

2/ முதல்ல கதை. கிரேக்கப் புராணத்துல மெடூசாவைப் பார்த்தவங்க கல்லாகிடுவாங்க. அதனால பெர்சியஸ் அவளை நேரா பார்க்காம, கேடயத்துல தெரிஞ்ச பிம்பத்தைப் பார்த்தே தலையை வெட்டினான்.

3/ 1597 வாக்கில் வரைஞ்ச இந்த ஓவியமும் ஒரு கேடயம்தான். வட்டமான பாப்லர் மரக் கேடயம், மேல துணி ஒட்டி ஆயில் பெயின்ட். டஸ்கனியை ஆண்ட ஃபெர்டினாண்டோ மெடிச்சிக்குக் கர்தினால் டெல் மோன்டே கொடுத்த பரிசு. இப்போ ஃப்ளோரன்ஸ் உஃபிஸி மியூசியத்துல இருக்கு.

4/ கேடயம் நம்ம பக்கம் புடைச்சிருக்கும். ஆனா பச்சைப் பின்னணியில தலையோட நிழலை விழ வச்சதால, அது உள்ளே குழிஞ்ச மாதிரி தெரியும். தலை மட்டும் அந்தரத்துல நிக்கும்.

5/ முட்டைக்கரு கலந்த பழைய வண்ணம் சட்டுனு காய்ஞ்சிடும். எண்ணெய் வண்ணம் மெதுவா காயும். அதனால வெளிச்சத்தையும் இருட்டையும் கோடு தெரியாம இழைக்கலாம், மெல்லிய படலமா அடுக்கலாம். ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும். நம்ம தோல்லயும் அதேதான் நடக்குது. அந்தக் கன்னம் சதையா தெரியுறது இதனாலதான்.

6/ இப்போ மருத்துவம். கத்தணும்னா நுரையீரல்ல இருந்து காற்று வரணும். கழுத்து அறுந்த பிறகு வாய் திறந்திருக்கலாம், சத்தம் வராது. மூளைக்கு ரத்தம் நின்னா சில நொடியில நினைவு போயிடும். அவர் வரைஞ்சது அந்தச் சில நொடியை. புருவம் நெரிஞ்சிருக்கு. கண் கீழே பார்க்குது, நம்மைப் பார்க்கல.

7/ பழைய கிரேக்கக் கேடயங்கள்ல மெடூசா பல்லைக் காட்டி, நாக்கை நீட்டி எதிரியைப் பயமுறுத்துவா. இங்க பயந்து போயிருக்கிறது அவதான். அது கரவாஜியோவோட சொந்த முகம்னு பலரும் கருதுறாங்க.

8/ ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்ற கதையில அவ அழகான பொண்ணு. மினர்வா கோயில்லயே கடல் கடவுள் நெப்டியூன் அவளை வன்புணர்வு செஞ்சான். மினர்வா தண்டிச்சது அவளை! கூந்தல் பாம்பாச்சு. அவனுக்குத் தண்டனையே இல்ல.

9/ பாதிக்கப்பட்ட பொண்ணைக் கூட்டிட்டு வர்ற உறவினர்களே "நீ ஏன் அந்த நேரத்துல அங்க போன?"னு திட்டுறதைக் கேஷுவாலிட்டியில இன்னும் கேட்கிறோம். மினர்வா செஞ்சதும் அதைத்தான்.

10/ படத்தை இன்னொரு தடவை பாருங்க. பாம்பை விட்டுட்டு முகத்தை மட்டும்.