சுவரிலிருந்து பட்டைக்கு: டி.டி.ரி.யின் பயணம்

1874ஆம் ஆண்டு ஸ்ராஸ்பூர்க் நகரில் ஒத்மர் ஸைட்லர் என்ற மாணவர் ஒரு வெண்ணிறத் தூளைத் தயாரித்தார். அது எதற்கு உதவும் என்று அவர் தேடவில்லை. செய்முறையை எழுதி வைத்ததோடு சரி. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1939இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கைகி நிறுவனத்தின் இரசாயனவியலாளர் போல் ஹெர்மன் முல்லர் அந்தத் தூள் பூச்சிகளைக் கொல்வதைக் கண்டார். பூச்சி அதைத் தின்ன வேண்டியதில்லை, காலால் மிதித்தாலே போதும். இந்தக் கண்டுபிடிப்புக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. டி.டி.ரி. என்ற மூன்றெழுத்தில் அந்தத் தூள் உலகம் சுற்றப் புறப்பட்டது.

முதலில் போருக்குப் போனது. 1943–44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன்களால் பரவிய டைபஸ் காய்ச்சலை அடக்கியது. போர் முடிந்த கையோடு இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அதை வரவேற்க இங்கே காரணம் இருந்தது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். வறண்ட வலயத்திலோ மலேரியா ஆண்டு தவறாமல் வரும் வியாதி. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய் போன்ற இடங்களில் பெருங்குளம் இருந்தது, வயலாகக்கூடிய நிலமும் இருந்தது. நிலைத்துக் குடியிருக்கத்தான் மக்கள் அஞ்சினார்கள்.

1946 முதல் தீவெங்கும் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. விசிறப்பட்டது. முதுகில் தெளிகருவியோடு மருந்தடிப்பவர்கள் வீடு வீடாகப் போனார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் ஓய்வெடுக்கும், அங்கேயே சாகும். 1946இல் இருபத்தெட்டு இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை 1963இல் வெறும் 17 ஆனது. கந்தளாய்க் குளத்தைச் சுற்றிக் குடியேற்றங்கள் வேரூன்றின, சீனித் தொழிற்சாலையும் எழுந்தது. டி.டி.ரி.யை வெறும் நஞ்சு என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

வெற்றி நிலைக்கவில்லை. நோய் ஒழிந்ததென்று நம்பி விசிறலை நிறுத்தினார்கள். 1969இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். மறுபடி விசிறியபோது நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிவிட்டிருந்தது. எழுபதுகளில் அந்த இடத்தை மலத்தியோன் பிடித்தது. நாட்டுக்குள் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதிவானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டி.டி.ரி. விடைபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது.

கையிருப்பு தீர்ந்தாலும் பொருள் தீர்ந்துவிடவில்லை. அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெயிலும் மண்ணின் நுண்ணுயிர்களும் அதை மிக மெதுவாகவே சிதைக்கும். மண்ணில் பாதி அழியவே சில ஆண்டுகள் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை பிடிக்கும். அழியும் பகுதியும் பெரும்பாலும் டி.டி.ஈ. என்ற இன்னொரு பிடிவாதக்காரனாக மாறும். சுவர் வெப்பமேறும்போது சிறிது ஆவியாகும், சுவர் இடிந்தால் மண்ணோடு சேரும், மண் சூடேறினால் மறுபடி காற்றில் ஏறும். இப்படி ஏறி இறங்கி வடதுருவப் பனிப்பகுதிவரை அது போயிருக்கிறது. அங்கு வாழும் இனுயிட் தாய்மாரின் பாலிலும் கண்டறியப்பட்டது.

வழியில் அது தங்கும் இடங்களில் ஒன்று மரப்பட்டை. பட்டையின் வெளிப்புறம் இறந்த செல்களால் ஆனது. சொரசொரப்பானது, மெழுகும் கொழுப்பும் கொண்டது. காற்றிலுள்ள கொழுப்பு விரும்பும் நஞ்சுகள் அதில் ஒட்டும். மழை கழுவினாலும் எளிதில் போகாது. காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் கருவிக்கு மின்சாரமும் காவலும் வேண்டும், அது காட்டுவதும் ஓடிய ஓரிரு நாட்களின் கணக்கைத்தான். பட்டையோ பலசரக்குக் கடையின் கடன் கொப்பி மாதிரி: எந்த நாளில் எவ்வளவு என்பது தெளிவில்லாவிட்டாலும் பல ஆண்டு மொத்தம் அதில் நிற்கும்.

இதை உலக அளவில் காட்டியவர்கள் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டேசி சிமோனிச்சும் ரொனால்ட் ஹைட்ஸும். 90 இடங்களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பட்டைகளைத் திரட்டி, 22 குளோரின் சேர்மங்களை அளந்து, 1995இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். எளிதில் ஆவியாகும் ஹெக்சாகுளோரோபென்சீன் குளிர்நாடுகளை நோக்கி நகர்ந்திருந்தது. அவ்வளவு ஆவியாகாத எண்டோசல்பான் போன்றவை பயன்படுத்திய பகுதியிலேயே தங்கியிருந்தன. தடைபோட்டுப் பல ஆண்டுகளான தொழில்வள நாடுகளின் பட்டைகளிலும் நஞ்சு கனமாகவே இருந்தது. இலங்கை 1998இல் தடைசெய்த பூச்சிகொல்லிகளில் எண்டோசல்பானும் ஒன்று என்பதை நெல் விளைவிக்கும் கந்தளாய் வாசகர் மறக்கக் கூடாது.

கந்தளாயில் இந்தச் சோதனையைச் செய்ய அரிய மரம் எதுவும் தேவையில்லை. குளக்கரை மருது வேண்டாம். அது தன் பட்டையை உரித்துக் கொட்டிப் பழைய கணக்கையும் கொட்டிவிடும். வெடித்துத் தடித்த பட்டையுள்ள வேம்பும் புளியும் ஏற்றவை. ஓர் ஆள் உயரத்தில், சுத்தமாகக் கழுவிய உருக்குக் கத்தியால் வெளிப்புறத்தின் சில மில்லிமீற்றர் ஆழத்தை மட்டும் சீவ வேண்டும். உயிருள்ள உட்பட்டையைத் தொட்டால் மரமும் நோகும், கணக்கும் குழம்பும். பிளாஸ்ரிக் பையில் போடக் கூடாது. அலுமினியத் தாளில் சுற்றி உறைநிலையில் வைக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் கரைப்பானால் நஞ்சைப் பிரித்தெடுத்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளந்து, பட்டையின் கொழுப்பு ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால்தான் ஒரு மரத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம்.

மொத்த அளவைவிட விகிதம் அதிகம் சொல்லும். டி.டி.ஈ. மிகுந்திருந்தால் அது பழைய விசிறலின் எச்சம், டி.டி.ரி.யே மிகுந்திருந்தால் அண்மையில் எங்கிருந்தோ புதிதாக வந்தது. அப்படி வரக்கூடிய இடம் அயலிலேயே உண்டு. இந்தியா 1989இல் வேளாண்மைக்கு டி.டி.ரி.யைத் தடைசெய்தது. மலேரியா ஒழிப்புக்காக அரசின் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் அதன் பின்னும் தயாரித்து வந்தது. வாடைக்காற்று வங்கக் கடலைக் கடந்து கிழக்கிலங்கைக்கு வருகிறது. கச்சான் காற்று தீவின் உட்புறத்திலிருந்து வீசுகிறது. ஒரே மரத்தின் வடகிழக்கு முகத்திலும் தென்மேற்கு முகத்திலும் தனித்தனியாகப் பட்டை எடுத்தால் எந்தக் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்று ஊகிக்க வழி பிறக்கும்.

நிலைத்து நிற்கும் கரிமநஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்ரொக்ஹோம் சமவாயத்தை உலக நாடுகள் 2001இல் ஏற்றன. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் கையெழுத்திட்ட நாடு. கையெழுத்தின் பயன் காற்றில் தெரிகிறதா என்று பார்ப்பதும் அந்தக் கடமையில் அடங்கும். திருகோணமலையில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, பாடசாலைகளில் விஞ்ஞானக் கழகங்கள் இருக்கின்றன, ஊரெங்கும் நாற்பது ஐம்பது ஆண்டு வேம்புகள் நிற்கின்றன. வீதி அகலிக்கவோ கட்டடம் கட்டவோ பழைய மரமொன்றை வெட்டும் நாளில், முதலில் ஒரு துண்டுப் பட்டையை எடுத்து, இடமும் திகதியும் எழுதி, அலுமினியத் தாளில் சுற்றி ஆய்வுகூடத்திடம் ஒப்படையுங்கள். விறகாகி எரிந்த பிறகு அந்தக் கணக்கைப் படிக்க எந்தக் கருவியாலும் முடியாது.