தாயின் பெயரைத் தேடி

கியூபெக்கில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வேரைத் தேடப்போனால், முதலில் பெயர்களே எங்களைக் குழப்பிப்போடும். பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் பெடியள் அநேகமாக ஜோசப், பெட்டையள் மரி. வீட்டில் கூப்பிட்ட பெயர் கடைசியில்தான் வரும்.

1665இல் வந்திறங்கிய கரிஞான்-சலியேர் படைச் சிப்பாய்களுக்குப் பட்டாளத்துப் பட்டப்பெயர்களும் இருந்தன. லாஃப்ளர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையில்லாதவன். குடும்பப் பெயருக்குப் பின்னால் 'தி', அதாவது 'எனப்படும்', என்று போட்டு இவற்றையும் எழுதினார்கள். சிப்பாய்களோடு இது நிற்கவில்லை. பியேர் உடோன் தி போல்யூவின் சந்ததியில் சிலர் உடோன், சிலர் போல்யூ.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது பங்குக் கோவிலின் கலியாணப் பதிவுதான். பொதுவாக இரு பக்கத்துத் தாய் தகப்பன் பெயரும் அதில் இருக்கும். தாய்மாரும் பிறந்தவீட்டுப் பெயரோடுதான் நிற்பார்கள். அதனால் 1663–1673 காலத்தில் மன்னர் 14ஆம் லூயியின் செலவில் கப்பலேறிய 'அரசனின் மகள்கள்' வரைக்கும் தாய்வழியாகவே போகலாம்.

பிற்காலத்தில் புருசனின் பெயரால் அழைக்கும் வழக்கம் பரவியது. 1981இல் கியூபெக் சட்டம் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்த பெயரே பெண்ணின் சட்டப் பெயர் என்றாக்கியது.

வம்சாவளி என்று தகப்பன் வழியை மட்டும் கீறிவைக்கிற நாங்கள், அம்மம்மாவின் தாயின் பெயரை ஒருக்கால் கேட்டுப் பார்ப்போமா?