அஷ்டமுடிக் காயலின் மட்டி வாணிகம்

கொல்லம் என்றவுடன் மிளகும் கொல்லம் ஆண்டும் நினைவுக்கு வரும். அந்நகரை ஒட்டிய அஷ்டமுடிக் காயலில் எடுக்கப்படும் மட்டியின் வரலாற்றைப் பலர் அறியார். நம் அங்காடிகளில் லாலா எனப்படுவதை ஒத்தது அது.

சிறு தோணியிற் சென்று, சேற்றில் துழாவி எடுத்து, அவித்துச் சதை பிரித்து விற்பது அங்குள்ள எளியோர் தொழில். 1981 முதல் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகள் விரும்பி வாங்கவே, வாணிகம் விரைந்து வளர்ந்தது. 1991இல் பத்தாயிரம் டன் கிடைத்தது. 1993க்குள் அது பாதியாயிற்று! குஞ்சு மட்டியையும் வாரியதன் விளைவு. வாங்கி உண்ட நமக்கும் அதில் பங்குண்டு.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரின் பரிந்துரைப்படி, மட்டி இனம்பெருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பது தடுக்கப்பட்டது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது எனவும் விதிக்கப்பட்டது. அன்றாடங் காய்ச்சிகள் மூன்று மாதம் கைகட்டியிருப்பது எளிதோ? விதித்தவரினும் உடன்பட்ட தோணிக்காரரையே நான் பெரிதும் மதிக்கிறேன். காயல் மீண்டது. 2014 நவம்பரில், நெறியான மீன்பிடிப்புக்குரிய அனைத்துலகச் சான்றிதழை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது இம்மட்டித் தொழிலே. அப்போது அதனை நம்பி வாழ்ந்தோர் ஏறத்தாழ 3,000 பேர்.

பின்னர் வேறோர் இடர் வந்தது. தென்னமெரிக்கக் கரைகளுக்குரிய ஒருவகைச் சிப்பி அக்காயலில் பரவி மட்டிப் படுகைகளை நெருக்கியது. அதே சிப்பி 2016இல் நம் ஜொகூர் நீரிணையிலும் காணப்பட்டது.