பியூயிக் செதுக்கிய பண்ணை விலங்குகள்

பசுவையும் ஆட்டையும் படங்களால் சிறாருக்கு அறிமுகம் செய்யும் நூல்கள் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சிறுவர் கையில் கிடைத்த படங்கள் பல, கீழேயுள்ள பெயரைப் படித்த பின்னரே இன்ன விலங்கென்று தெளியும் தரத்தன. 1730இல் தாமஸ் போர்மன் வெளியிட்ட ‘முந்நூறு விலங்குகள்’ என்னும் நூலைப் பள்ளிப் பருவத்தில் கண்ட ஒரு சிறுவன், இதனினும் நன்றாகத் தன்னால் வரைய இயலும் என்று அப்போதே எண்ணினான். அவனே பின்னாளில் மரச்செதுக்குக் கலையில் பெரும்புகழ் பெற்ற தாமஸ் பியூயிக்.

1753இல் நார்தம்பர்லாந்தில் குத்தகை உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்த பியூயிக், சுண்ணக்கட்டி கொண்டு கல்லறைக் கற்களிலும் தேவாலயத்து வாயில் தரையிலும் படம் வரைந்து பழகியவர். 14ஆம் வயதில் நியூகாசில் நகரத்துச் செதுக்குக் கலைஞர் ரால்ஃப் பீல்பியிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் அவருக்கே பங்காளியுமானார்.

நூலுக்கான முதற்படத்தை 1785 நவம்பர் 15 அன்று செதுக்கத் தொடங்கினார். அன்றுதான் அவர்தம் தந்தையார் காலமானார். பகற்பொழுது கடைத்தொழிலுக்கே சரியாகிவிட, மாலை வேளைகளில் வளர்ந்த அவ்வேலை, ‘நாற்காலிகளின் பொது வரலாறு’ என்ற பெயரில் 1790இல் நூலாயிற்று. உரை பெரும்பாலும் பீல்பி எழுதியது.

இங்கே அவர் கையாண்ட முறையைச் சற்று விளக்குதல் தகும். முன்னையோர் மரத்தின் நீள்வாட்டுப் பலகையில் கத்தியால் செதுக்கினர். மயிரிழை போன்ற கோடு அதில் நிற்பதில்லை. பியூயிக்கோ இறுகிய பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, அம்முகத்தில் உலோகத் தகடு செதுக்கும் கூருளியைச் செலுத்தினார். உளி சென்ற தடம் வெண்கோடாகப் பதியும், எஞ்சியது கருமையாகும். செம்மறியின் கம்பளிச் சுருளும் குதிரையின் விலாப்பளபளப்பும் அவ்வெண்கோடுகளில் பிறந்தவையே. அச்செழுத்தோடு ஒரே உயரத்தில் அக்கட்டையை வைத்து ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செப்புத்தகட்டுப் படமோ தனி அச்சுப்பொறி வேண்டுவது, செலவும் மிகுதி.

நூலிலுள்ள எல்லாப் படங்களும் ஒருதரத்தன அல்ல. நேரிற் காணாத அயல்நாட்டு விலங்குகள் சிலவற்றைப் பிறர் படங்களைப் பார்த்தே வரைந்தார். அவற்றில் உயிரோட்டம் குறைவென்றே நமக்குத் தோன்றுகிறது. பண்ணை விலங்குகளைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. அவற்றோடு வளர்ந்தவர் அவர்.

அவர் பெயர் பரவிய பின் ஆடுமாடு வளர்ப்போர் தம் கால்நடைகளை வரைய அழைத்தனர். கொழுத்த உடலே இனத்தின் பெருமையாகவும் விலையாகவும் கருதப்பட்ட காலம் அது. டார்லிங்டனை அடுத்த பார்ம்ப்டனில், முன்னரே தீட்டியிருந்த ஓவியம் ஒன்றைக் காட்டி, அதுபோலவே ஆங்காங்கே கொழுப்புத் திரட்சியைச் சேர்க்கச் சொன்னார்கள். தம் கண்ணுக்குப் புலப்படாத கொழுப்பை வரைய பியூயிக் இசையவில்லை. பயணமும் காலமும் வீணாயினமையை, அவர் மறைவுக்குப் பின் 1862இல் வெளிவந்த தன்வரலாற்றில் காண்கிறோம். நூலோ 1824க்குள் எட்டுப் பதிப்புகள் கண்டுவிட்டது.