தேசிய ஜனநாயகக் கூட்டணி: ஒரு வாக்கில் கவிழ்ந்த ஆட்சி முதல் 240 வரை

1998 மக்களவைத் தேர்தலில் 182 இடங்களை மட்டுமே பெற்ற பாரதிய ஜனதா கட்சி, தோழமைக் கட்சிகளின் துணையுடன் ஆட்சியமைத்தது. அவ்வாண்டு மே மாதம் தேசிய ஜனநாயகக் கூட்டணி உருவானது. ராமர் கோயில், அரசியல் சாசனத்தின் 370-ஆவது பிரிவு, பொது சிவில் சட்டம் ஆகியவை பொதுச் செயல்திட்டத்தில் இடம்பெறவில்லை; தோழமைக்கு பாஜக கொடுத்த விலை அது.

ஆயினும் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால், 1999 ஏப்ரல் 17 அன்று நடைபெற்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்ற கணக்கில், ஒரே வாக்கு வித்தியாசத்தில் கவிழ்ந்தது. அடுத்து வந்த தேர்தலில் திமுகவும் இணைய, கூட்டணி மீண்டும் வென்று 2004 வரை ஆட்சி செய்தது.

2014-இல் 282, 2019-இல் 303 இடங்களை பாஜக தனித்தே வென்றபின் தோழமைக் கட்சிகளின் பிடி தளர்ந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த 370-ஆவது பிரிவின் சிறப்பு அந்தஸ்து 2019 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. நெடுநாள் தோழர்களான சிவசேனா 2019-இலும், சிரோமணி அகாலி தளம் 2020-இலும் வெளியேறின.

2024-இல் பாஜகவின் பலம் 240 ஆகக் குறைந்தது. பெரும்பான்மைக்குத் தேவை 272. தெலுங்கு தேசத்தின் 16 உறுப்பினர்களும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உறுப்பினர்களும் ஆட்சிக்கு இன்றியமையாதவர்களாயினர். இவ்விரு கட்சிகளுமே முன்னர் கூட்டணியை விட்டு விலகி, மீண்டும் திரும்பியவை.